நோன்பு மாதத்தில் மூடிய புகைக்கூண்டு

“புகையே வராத அடுப்பு ஒரு மனுசிய எப்பிடி விழுத்தும்?”

டாக்டர் ஆறுமுகநாதனின் டிஸ்பென்சரி வாசலில், நனைந்த சாரனோடு நின்றுகொண்டு ஸஹாப்தீன் முதலாளி கேட்ட கேள்வி இது. யாரைப் பார்த்துக் கேட்டார் என்று சொல்ல முடியாது. கூட வந்தவர்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பிறகு இந்தக் கேள்வியைக் கேள்விப்பட்டபோது இதை எழுதுகிறவனுக்கும் தெரியவில்லை. நெருப்பு எரியக் காற்று வேண்டும் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியது மட்டும் ஞாபகம் வந்தது. அந்தக் காற்று எரிந்த பிறகு என்னவாகிறது, எங்கே போகிறது என்று யோசித்துப் பார்த்ததே இல்லை.

இது நடந்தது அறுபத்தெட்டாம் ஆண்டு நோன்பு மாதத்தில்.

மாத்தளை டவுனிலிருந்து றத்தோட்டைக்குப் போகிற பாதையில் ஸஹாப்தீன் முதலாளிக்கு ஒரு கடை உண்டு. மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற கடை. பல்லேபொலையிலிருந்து மாட்டு வண்டியிலும், றிவர்ஸ்டன் பக்கத்திலிருந்து லொறியிலும் சரக்கு வந்து இறங்கும். முதலாளி சாக்குக்குள் முழங்கைவரை கையை விட்டு ஒரு பிடி எடுப்பார். முகர்ந்து பார்ப்பார். சரக்கு ஈரம் என்றால் கொண்டுவந்தவனை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டார். நாலு பேர் சிரிக்க ஒரு சொல் சொல்லித்தான் அனுப்புவார்.

“காத்துப் படாமக் கட்டி வச்சிருக்கியே மகன், மிளகா இது? மய்யித்தா?”

மிளகைப் பிணம் என்று சொன்னதும் அவன் தலையைக் குனிந்துகொள்வான். கடையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். முதலாளியின் நாக்கில் மிளகை வைத்துத்தான் தாலாட்டியிருப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அவருக்கு அந்தப் பேச்சு பிடிக்கும்.

வீடு கடைக்குப் பின்னால், சரிவில். அங்கே ஏழெட்டு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையில் உயரமான புகைக்கூண்டு முதலாளியுடையது. மஸூதாவைக் கலியாணம் முடித்து உக்குவலையிலிருந்து கூட்டிவந்தபோது இருந்த பழைய வீட்டில் கூண்டு இல்லை. குசினிப் புகை ஓட்டு இடுக்கால் வெளியே போகும். போனது போக மீதி மஸூதாவின் கண்ணுக்குள் போகும். கையில் நாலு காசு சேர்ந்ததும் முதலாளி புது வீடு கட்டினார். கூரை முகட்டுக்கும் மேலே போகிற மாதிரி செங்கல்லால் கூண்டு வைத்தார். வீட்டுக்கு வருகிறவர்களை விறாந்தையில் இருத்தாமல் குசினிக்குக் கூட்டிப்போவார். ஒரு கடதாசித் துண்டைக் கொளுத்தி அடுப்பு வாயில் பிடிப்பார். சுவாலை சரிந்து கூண்டுக்குள் வளைந்து போகும்.

“பாருங்க இழுக்கிற இழுவைய. புகை மேல பறக்குது, மஸூதாட கண்ணு கீழ சிரிக்குது.”

மஸூதா சிரிக்க மாட்டா. “கீழ ஜன்னலத் தொறந்து வச்சாத்தான் இழுக்கும். சாத்தினா கூண்டுக்கு மூக்கடைப்பு” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பா. உள்ளே காற்று வராவிட்டால் புகை மேலே போகாது என்பது அவவுக்குப் பழக்கத்தில் தெரியும். அதைப் பெரிய விஷயமாக அவ நினைத்ததில்லை.

பள்ளிவாசல் சரிவின் மேலே இருக்கிறது. தொழப்போகிறவர்கள் கை கால் கழுவி வுளூச் செய்கிற ஹவுள் பள்ளியின் பின்பக்கத்தில். அந்தத் தண்ணீர்த் தொட்டியின் கட்டில் குந்தினால் கீழே உள்ள வீடுகளின் பின்புறம் முழுவதும் கண்ணுக்கு நேரே தெரியும். குசினிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். நோன்பு மாதத்தில் பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன் எந்தக் கூண்டிலும் புகை வராது. அஸருக்குப் பிறகு பெண்கள் நோன்புக் கஞ்சிக்கு அடுப்பு மூட்டுவார்கள். முதலில் எந்த வீட்டுக் கூண்டு புகைக்கிறது, யாருடைய மனைவிக்குப் பசி அதிகம் என்று ஹவுளில் இருக்கிறவர்கள் பகிடி பண்ணுவார்கள். பட்டினி கிடக்கிற பொழுதைப் போக்க அது ஒரு விளையாட்டு.

மூன்று வருடத்துக்கு முன் அந்த விளையாட்டில் ஒரு நாள் நடுப்பகலில் புகை வந்தது. பக்கத்து வீடு. தையற்காரர் ஸக்கரியாவின் வீடு. ஸக்கரியாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. வெறும் வயிற்றில் இருந்தால் கை நடுங்கி மயங்கி விழுவார். அவருடைய மனைவி றாபியா அவருக்கு ஏதோ அவித்துக்கொண்டிருந்தா. வருத்தக்காரனுக்கு நோன்பு கடமையில்லை என்பது ஹவுளில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஸஹாப்தீன் முதலாளிக்கும் தெரியும். ஆனால் ஒரு பகிடி நாக்கு நுனிக்கு வந்துவிட்டால் அதை விழுங்க அவருக்குத் தெரியாது.

“ஸக்கரியா நோம்புதான். கூண்டுக்குத்தான் இன்னும் வயசு வரல்ல போல!”

ஹவுள் முழுவதும் சிரிப்பு. கடைசிப் படியில் கால் கழுவிக்கொண்டிருந்த ஸக்கரியாவும் சிரித்தார். தொழுதுவிட்டுப் போனார். அடுத்த நாள் நடுப்பகல் தொழுகையான ளுஹருக்கு அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பகல் தொழுகையை வீட்டிலேயே தொழத் தொடங்கிவிட்டார். முதலாளி அதைக் கவனிக்கவே இல்லை. அவருக்கு அது சொல்லி மறந்த ஒரு பகிடி.

அறுபத்தெட்டில் நோன்புக்குச் சில மாதம் முன்னால் முதலாளி கடையில் இரத்தமாகச் சத்தி எடுத்தார். வயிற்றுப்புண். டாக்டர் ஆறுமுகநாதன் யாழ்ப்பாணத்து மனிதர். பேச்சைச் சுற்றி வளைக்க மாட்டார்.

“ஸஹாப்தீன், உமக்கு இந்த வருசம் நோன்பு கிடையாது. மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இளஞ்சூட்டில கஞ்சி குடிக்கவேணும். வெறும் வயித்தில கிடந்தீர் எண்டால் திரும்பவும் இரத்தம் வரும். பிறகு நீர் என்னட்டை வரத் தேவையில்லை. விளங்குதோ?”

முதலாளி பள்ளியில் தொழுகை நடத்துகிற லெப்பையிடமும் கேட்டார். “வருத்தக்காரனுக்கு அல்லாவே லேசாக்கித் தந்திருக்கான் முதலாளி. சொகமான பொறகு விட்ட நோம்பப் புடிச்சிக்கங்க” என்று லெப்பை சொன்னார்.

மார்க்கம் விட்டுக்கொடுத்தது. மானம் விட்டுக்கொடுக்கவில்லை. பள்ளியில் முன் வரிசையில் நிற்கிற மனிதர், பகலில் சாப்பிடுகிறார் என்று ஊர் பேசுமே என்பதுதான் அவருக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. லெப்பையிடம், “இது நமக்குள்ள இருக்கட்டும்” என்று கேட்டுக்கொண்டார்.

முதல் சில நாள் மஸூதா விடியுமுன் ஸஹர்ச் சாப்பாட்டுக்கு எழும்பும்போதே கஞ்சியைக் காய்ச்சிப் பிளாஸ்கில் ஊற்றி வைத்தா. பகலில் திறந்தால் அது கோந்து மாதிரி இறுகிப் புளித்துப்போயிருக்கும். அதைக் குடித்துவிட்டு முதலாளி மிளகுச் சாக்கின் மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். அதைப் பார்த்த பிறகு மஸூதா பகலில் அடுப்பு மூட்டினா. அது அடைமழைக் காலம். ஈர விறகு. கூண்டிலிருந்து புகை, ரயில் போகிற மாதிரி கிளம்பியது.

அன்று ஹவுளில் அப்துல் ஸமத் இருந்தார். அவர் லொறிச் சொந்தக்காரர், முதலாளியின் சரக்கை ஏற்றுகிறவர், வாயாடுவதில் முதலாளிக்குச் சிஷ்யன் மாதிரி. அண்ணன் முறை வைத்து முதலாளியை ‘நானா’ என்று கூப்பிடுவார்.

“நானா, ஒங்கட கூண்டுக்கு என்ன, நோம்பு முறிஞ்சிட்டா?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி சிரித்தார். “பூனை குட்டி போட்டிருக்கு. அதுக்குப் பால் காய்ச்சுறா” என்றார்.

“அந்தப் பூனைக்குத் தாடி ஈக்குதா நானா?”

ஹவுள் சிரித்தது. முதலாளியும் கூடச் சிரித்தார். அவருடைய காது மட்டும் சுட்டது. தொழுகையில் நிற்கும்போதும் சுட்டது. அந்தச் சிரிப்பு எப்படிக் கிளம்பும், எப்படி வீடு வீடாகப் போகும், எப்படி ஒருவனின் பேரோடு ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ சிரிப்பை அவரே கிளப்பி விட்டிருக்கிறார்.

அடுத்த நாள் காலை அவர் ஏணி வைத்துக் கூரையில் ஏறினார். பிஸ்கட் டின் ஒன்றை வெட்டி விரித்த தகரத்தைக் கூண்டின் வாயில் போட்டு மேலே கல்லை அடுக்கினார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து றாபியா அண்ணாந்து பார்த்தா.

“என்ன முதலாளி, கூண்டுல வேல?”

“மழைத் தண்ணி உள்ளுக்கு ஊத்துது தங்கச்சி.”

“அப்ப புகை எங்கால போகும்?”

“புகையே வராது. பாருங்களே.”

அது பொய்யில்லை. லோன்றிக்காரர்கள் இஸ்திரிப் பெட்டிக்குப் போடுகிற சிரட்டைக்கரியில் ஒரு சாக்கு வாங்கி வந்திருந்தார். ஒரு வாளியில் மண் பூசிச் செய்த கரி அடுப்பும் வாங்கியிருந்தார். கரி பிடித்துவிட்டால் புகைக்காது. சிவந்து கனிந்துகொண்டு பேசாமல் இருக்கும். புகையே வராத நெருப்புக்குப் புகைக்கூண்டு என்னத்துக்கு? இதுதான் அவருடைய கணக்கு. கூண்டை அடைத்த பிறகு வாசம் மிச்சமிருந்தது. றம்பை இலையும் உள்ளியும் போட்டுக் காய்ச்சுகிற கஞ்சியின் வாசம், நோன்பு பிடித்தவனின் மூக்குக்கு ஒரு மைல் தூரத்திலும் தெரியும். அதனால் ஜன்னல் பலகையைச் சாத்தச் சொன்னார். கதவின் கீழ் இடுக்கில் சாக்கை மடித்துத் திணித்தார். உள்ளே கொண்டி போட்டுக்கொள்ளச் சொன்னார்.

“ஆரும் வந்து தட்டினாத் தொறக்காத. நான் வந்து மெதுவாத் தட்டுவேன். அப்ப தொற.”

மஸூதா நோன்பு. வாயில் எச்சில்கூட விழுங்காமல், பூட்டிய குசினிக்குள், கரி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து அவருக்குக் கஞ்சி காய்ச்சினா. முதல் நாளே தலை வலித்தது. இரண்டாம் நாள் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டா.

“என்ன செய்யுது?” என்று முதலாளி கஞ்சியைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

“நோம்புத் தலவலி. தேத்தண்ணி குடிக்காத குத்தம். வேறென்ன?”

அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. நோன்பில் யாருக்குத்தான் தலை வலிக்காது? பின்னேரம் முற்றத்துக்கு வந்து கொஞ்ச நேரம் இருந்தால் மஸூதாவுக்குக் குறைந்துவிடும். மறுநாள் பகல் மீண்டும் வரும். சில நாளில் ஓங்காளித்தது. கால் பஞ்சு மாதிரி இருக்கிறது என்றா. ஒரு நாள் கரண்டியைப் பிடித்துக்கொண்டே சுவரில் சாய்ந்து நின்றா.

இடையில் ஒரு நாள் உக்குவலைக்கு மகள் ஹமீமாவின் வீட்டுக்குப் போய் வந்தா. அன்றும் நோன்புதான். திரும்பி வந்து புதினமாகச் சொன்னா:

“அங்க தலவலி வரவே இல்லீங்க. நோம்பு புடிச்ச மாதிரியே இல்ல.”

“மகள்ட வீட்டுக்குப் போனா ஆருக்குத் தலவலி வரும்? புருசன்ட வீட்டுலதானே வரும்” என்று முதலாளி பகிடி பண்ணினார்.

மஸூதா சிரிக்கவில்லை. குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டா: “அந்த ஜன்னல ஒரு விரக்கட மட்டுக்குத் தொறந்து வச்சா என்ன? உள்ளுக்கு மூச்சு முட்டுது.”

“ஒரு விரக்கட போதும், வாசம் ஸக்கரியா வீட்டுக்குப் போக. அவன் சிரிக்கமாட்டானா? இன்னும் கொஞ்ச நாள்தானே மஸூதா. பெருநாள் வந்திட்டா எல்லாம் முடிஞ்சிடும்.”

அவ மறுபடி கேட்கவில்லை. கேட்காத அந்தப் பேச்சைத்தான் முதலாளி பிறகு பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மஸூதா விழுந்த அன்று விடிந்ததிலிருந்து மழை. ளுஹருக்குப் பாங்கு சொன்னதும் ஆண்கள் எல்லோரும் குடையோடும் சாக்கோடும் சரிவில் ஏறிப் பள்ளிக்குப் போனார்கள். முதலாளி வழக்கம்போல் கடைக் கதவைச் சாத்திவிட்டுப் பின்பக்கத்தால் வீட்டுக்கு வந்தார். எல்லோரும் வரிசையில் நின்ற பிறகு கடைசியாகப் போய்ச் சேர்ந்துகொள்வது அவருடைய ஏற்பாடு.

குசினிக் கதவை விரல் நகத்தால் தட்டினார். பதில் இல்லை. கொஞ்சம் நின்று மீண்டும் தட்டினார், அதே மாதிரி, மெதுவாக. மழைச் சத்தத்தில் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தார். செருமிப் பார்த்தார். தலையைத் திருப்பி ஹவுளைப் பார்த்தார். பிந்தி வந்த இரண்டு பேர் அங்கே இன்னும் வுளூச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எழுந்து போகும்வரை கூரையின் கீழ் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் மூக்கில் அடித்தது. கஞ்சி அடிப்பிடிக்கிற வாசம். சட்டியை அடிப்பிடிக்க விடுகிறவ அல்ல மஸூதா.

“மஸூதா” என்றார். “மஸூதா, தொற புள்ள.” கதவில் வாயை வைத்துத்தான் சொன்னார். சத்தம் போடவேண்டும் என்று நெஞ்சு சொன்னது. சத்தம் போட்டால் றாபியா வருவா, கதவு திறந்தால் கஞ்சிச் சட்டி தெரியும் என்று இன்னொன்று சொன்னது. உள்ளே அவருடைய மனைவி கிடக்கிறா. வெளியே அவர் ஒரு சட்டியை மறைக்க யோசித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று அவரால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம்தான் என்பார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பிறகு தோளால் கதவை மோதினார். கதவு நல்ல பலாப் பலகை, அசையவில்லை. அதன் பிறகுதான் கத்தினார்.

“யா அல்லாஹ்! ஆராச்சும் வாங்களே! மஸூதா! மஸூதா!”

வரிசை வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். ஆண்கள் எல்லோரும் தொழுகையில். ஒரே ஒருவரைத் தவிர. ஸக்கரியா இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே வேலியைத் தாண்டி ஓடிவந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. கதவை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனார். இஸ்திரிப் பெட்டியால் பலகையில் இரண்டு போடு போட்டார். பலகை பிளந்தது. உள்ளே ஏறிக் குதித்துக் கொண்டியைத் தட்டினார்.

மஸூதா அடுப்புக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தா. குசினிக்குள் ஒரு துளிப் புகை இல்லை. முகம் வெளிறியிருக்கவில்லை, சிவந்து, நல்ல நித்திரையில் இருக்கிறவளின் முகம் மாதிரி இருந்தது. இரண்டு பேருமாகத் தூக்கி முற்றத்தில், மழையில் கிடத்தினார்கள்.

“மூச்சு ஈக்குது முதலாளி! தலையத் தூக்கிப் புடிங்க. நான் லொறிக்கு ஆள் கூட்டி வாறேன்” என்று ஸக்கரியா பள்ளியை நோக்கி ஓடினார்.

றாபியா வந்து மஸூதாவின் கன்னத்தைத் தட்டினா, உள்ளங்காலைத் தேய்த்தா. மழை முகத்தில் விழ விழ மஸூதா ஒரு தரம் முனகினா. அதற்குள் தொழுகை முடிந்து ஆண்கள் சரிவில் ஓடிவருகிற சத்தம் கேட்டது. றாபியா தலையை உயர்த்திப் பார்த்தா. சட்டென்று எழும்பிக் குசினிக்குள் போனா. கரியின் மேல் தண்ணீர் ஊற்றினா. அடிப்பிடித்த கஞ்சிச் சட்டியைத் தூக்கித் தன் முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு, ஒருவரும் பார்க்காமல் வேலியால் தன் வீட்டுக்குக் கொண்டுபோனா.

முதலாளி பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன் தான் யாருடைய அடுப்பைச் சொல்லிச் சிரித்தாரோ அவ, இன்றைக்குத் தன் மானத்தை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்தார். மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மழையோடு மழையாக அழுதார்.

அப்துல் ஸமத்தின் லொறியில்தான் டவுனுக்குப் போனார்கள். டாக்டர் ஆறுமுகநாதன் மஸூதாவைப் பார்த்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் கிடத்தச் சொல்லி ஊசி போட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அதற்குப் பிறகு வாசலுக்கு வந்தார். அப்போதுதான் முதலாளி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

கூண்டு மூடிக் கிடந்ததைக் கூட வந்தவர்களிடம் டாக்டர் கேட்டறிந்திருந்தார். “கூண்டை ஏன் மூடினீர்?” என்று கேட்டார். முதலாளி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எல்லோரும் நிற்கத்தான் சொன்னார்.

“கேளும் ஸஹாப்தீன். புகை கண்ணுக்குத் தெரியும், இருமப் பண்ணும், நீர் எழும்பி ஓடுவீர். கரியிலயிருந்து வாறது அப்பிடி இல்லை. அதுக்கு நிறமில்லை, மணமில்லை. காத்துக் காணாத அறையில கரி எரிஞ்சால் அந்த நஞ்சு நிறையும். மூச்சோட போய் இரத்தத்தில ஒட்டிக்கொள்ளும். முதல்ல தலையிடி, பிறகு சத்தி, பிறகு காலில பலமில்லை, பிறகு நித்திரை மாதிரி. கூண்டு இருக்கிறது புகைக்கு மட்டுமில்லை. சூடான காத்து நஞ்சையும் சேர்த்து மேல கொண்டுபோகும். அது போறதெண்டால் கீழால புதுக் காத்து வரவேணும். நீர் மேலயும் அடைச்சீர், கீழயும் அடைச்சீர். மனுசியை ஒரு சாக்குக்குள்ள போட்டுக் கட்டின மாதிரி.”

“நோம்புத் தலவலி எண்டு நெனைச்சோம் டாக்டர்.”

“ஓம். அதுதான் இதில மோசம். நோன்பு நாளில தலையிடி எண்டால் ஒருத்தரும் அடுப்பைப் பாக்க மாட்டினம்.”

அப்துல் ஸமத் லொறிக் கதவில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு பகிடியும் சொல்லவில்லை.

மஸூதா பிழைத்தா. ஆஸ்பத்திரியில் கண் விழித்தா. மூன்றாம் நாள் முதலாளி ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னா:

“நீங்க தட்டினது எனக்குக் கேட்டிச்சி.”

அவருடைய கை நின்றது.

“எழும்பப் பாத்தேன். ஏலாமப் போச்சி. கால் என்ட சொல்லுக் கேக்கல்ல. கூப்பிடவும் ஏலல்ல. மெதுவா, மெதுவாத் தட்டினீங்க. ஏன் இவர் கத்துறாரில்ல எண்டு நெனைச்சேன். அதுக்குப் பொறகு ஒண்டும் தெரியா.”

அவ கோபித்துச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். நடந்ததை நடந்தபடி சொன்னா, அவ்வளவுதான். முதலாளி அடுத்த ஆரஞ்சை எடுத்து உரித்தார். மன்னிப்புக் கேட்கச் சொல் வரவில்லை. நாலு பேர் சிரிக்கச் சொல் தேடுகிற நாக்குக்கு அந்த ஒரு சொல் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பட்டப்பகலில் கூரையில் ஏறித் தகரத்தை எடுத்து எறிந்தார். குசினிச் சுவரின் அடியில் இரண்டு துவாரம் உடைப்பித்தார். உடைந்த ஜன்னலுக்குப் பலகை போடாமல் கம்பி வலை அடிப்பித்தார். மிச்சமிருந்த நோன்பு நாட்களில் பகலில் அந்தக் கூண்டிலிருந்து புகை போனது. மஸூதாவுக்கு உடம்பு தேறாததால் அவருக்கும் அவவுக்குமாக ஹமீமா வந்து காய்ச்சினா. ஹவுளில் இருந்தவர்கள் அந்தப் புகையைப் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் சிரிப்பைவிடக் கனமாக இருந்தது என்று முதலாளி சொல்வார்.

பெருநாளைக்கு முன் ஸக்கரியாவின் வீட்டுக்குப் போனார். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

“ஸக்கரியா, நான் அண்டைக்கு ஹவுளுல...” என்று தொடங்கினார்.

“தெரியும் முதலாளி. வுடுங்க” என்றார் ஸக்கரியா. நூலைக் கடித்து அறுத்துவிட்டு, குத்திக்காட்டாமல், தனக்குத் தானே யோசிக்கிற மாதிரிக் கேட்டார்: “நான் அண்டைக்கு ளுஹருக்குப் பள்ளிக்குப் போயிருந்தா மஸூதா ராத்தாட கதை என்னாகியிருக்கும்?”

முதலாளியால் அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை. எழும்பி வந்துவிட்டார்.

ஊருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் எண்ணம் பிடித்துக்கொண்டது. வேறு வீடுகளிலும் வருத்தக்காரர் இருக்கிறார்கள். அவர்களும் பகலில் எதையோ பூட்டிக்கொண்டு காய்ச்சக்கூடும். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் தொழுகை முடிந்ததும் எழும்பி நின்றார். எல்லோரும் திரும்பினார்கள். அவர் வாயைத் திறந்தார்.

“குசினி ஜன்னல மூடாதீங்க” என்றார்.

அதற்கு மேல் வரவில்லை. மனைவி உள்ளே கிடக்க மெதுவாகத் தட்டிக்கொண்டு நின்றதை எப்படிச் சொல்வது? பின்வரிசையில் யாரோ ஒருவர், “ஏன் முதலாளி, பூனை வரணுமா?” என்றார். சிலர் சிரித்தார்கள். முதலாளி உட்கார்ந்துவிட்டார். அவர் சொல்ல வந்த செய்தி அந்தப் பள்ளிவாசலில் அப்படியே நின்றுபோனது. பெண்களுக்குள் றாபியா கொஞ்சம் சொன்னா. அது இரண்டு மூன்று வீடு போய் நின்றுவிட்டது.

வருடங்கள் போய்விட்டன. முதலாளியின் வயிறு ஆறிவிட்டது. விட்ட நோன்புகளையும் பிடித்துவிட்டார். மஸூதா நன்றாகத்தான் இருக்கிறா. ஆனால் விரல் நடுக்கம் முழுவதும் போகவில்லை. சில நாளில் உப்புப் போட்டோமா என்று மறந்து இரண்டு தரம் போட்டுவிடுவா. முதலாளி ஒரு சொல்லும் சொல்லாமல் அந்தச் சோற்றை முழுவதும் சாப்பிட்டு எழும்புவார். கடையில் ஈர மிளகைக் கொண்டுவருகிறவனை இப்போது அவர் சிரிப்புக்கு ஆளாக்குவதில்லை. காய வைத்துக் கொண்டு வா மகன் என்று மட்டும் சொல்கிறார்.

இப்போது மண்ணெண்ணெய்க்கு இருக்கிற தட்டுப்பாட்டில் பல வீடுகளில் கரி அடுப்பு வாங்குகிறார்கள். குளிருக்குப் பிரசவ அறையில் கரிச் சட்டி வைக்கிறார்கள். புகை இல்லை, சுவர் கறுக்காது என்று சந்தோஷப்படுகிறார்கள். இதைக் கேள்விப்பட்ட பிறகுதான் முதலாளி கதையை முழுவதும் சொன்னார். பேரை மாற்றி எழுதலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார்.

“பேரை மாத்தினா ஆரோ ஒரு மடையன்ட கதை எண்டு சிரிச்சிட்டுப் பெய்த்திருவாங்க. என்ட பேரையே போடுங்க. மெதுவாத் தட்டினதையும் எழுதுங்க. எனக்கு அதச் சொல்ல வாய் வரல்ல. வாசிக்கிறவங்களுக்கு வரட்டும்.”

ஆகவே வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுப்பு எதுவானாலும், கரியானாலும் விறகானாலும், சூடான காற்று மேலே போக ஒரு வழியும் புதுக் காற்று கீழே வர ஒரு வழியும் திறந்திருக்க வேண்டும். அடுப்படியில் நிற்கிறவருக்குத் தலை வலித்து, முற்றத்துக்கு வந்தால் குறைகிறது என்றால், தலையைப் பார்க்காதீர்கள், அடுப்பைப் பாருங்கள். இதை உங்கள் வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வாயால் சொல்லுங்கள். பகலில் புகை வருகிற வீட்டைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லாதீர்கள்.